மாத்தளையில் செத்த மூன்று கைப்பட்டைகள்

இலங்கைக்குப் போகிறவர்கள் கடல் பார்ப்பார்கள், யானை பார்ப்பார்கள், கோவில் பார்ப்பார்கள். என்னை அனுப்பியது செத்துப்போன மூன்று பேட்டரிகளைப் பார்க்க. ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகிவிட்டது. அங்கே தின்ற காரம்கூட வயிற்றிலிருந்து இறங்கிவிட்டது, கோபம் இறங்கவில்லை.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். குமரேசன், கோயம்புத்தூர். பத்தாவதில் பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் தாங்க முடியாமல் மனமொத்துப் பிரிந்தோம். இப்போது ஒரு சின்னப் பட்டறையில் வேலை. பேட்டரிப் பட்டறை என்றதும் லாரிக்கடியில் இருக்கும் கறுப்புப் பெட்டியை நினைக்க வேண்டாம். நாங்கள் செய்வது ஜிங்க் அயன் பேட்டரி. துணி மாதிரி வளையும். ஒரு பக்கம் துத்தநாகத் தகடு, மறு பக்கம் மாங்கனீசு பூசிய கரித்துணி, நடுவில் துத்தநாக உப்பு கரைத்த கூழ். தண்ணீர்க் கூழ் என்பதால் தீப்பிடிக்காது. மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு தூங்கலாம். இதையெல்லாம் உறையில் போட்டு நாலு ஓரத்தையும் சூட்டில் அழுத்தி ஒட்டுவது என் வேலை.

இந்தப் பேட்டரி வைத்த நாற்பது கைப்பட்டைகளை மாத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு எங்கள் முதலாளி சோதனைக்கு அனுப்பியிருந்தார். கொழுந்து பறிக்கும் பெண்களின் நாடித்துடிப்பு, உடம்புச் சூடு, கையசைவு எல்லாவற்றையும் அது தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பும். வெயிலில் மயங்கி விழுவதற்கு முன்பே எச்சரிக்கை போய்விடும், உயிர் காக்கும் கருவி என்று சொல்லி விற்றோம். பாதிப் பட்டைகள் ஒரு மாதத்தில் செத்தன. அதில் மூன்று ஒரே பெண்ணின் கையில் செத்தன. செல்வராணி என்ற அந்தப் பெண் வேண்டுமென்றே உடைக்கிறாள் என்று ஆபீசில் வேலையை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. தப்பு அவள் மேல் என்று முடிவானால் பேர் வெட்டு. அத்துடன் தோட்டத்து வேலை தீர்ந்தது. நான் அதற்குள் போய், பட்டைகளைப் பார்த்து, ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மாத்தளை டவுனில் முதல் சாப்பாடு. சோறு ஒரு குன்று, அதைச் சுற்றி ஆறு கறி, ஓரத்தில் மாசிக் கருவாடும் மிளகாயும் இடித்த மாசிச் சம்பல். எங்கள் ஊரில் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டால் சர்வர் பழைய பாக்கியைப் பார்ப்பது போலப் பார்ப்பார். இங்கே கேட்காமலே பருப்பை ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். மூன்றாவது கவளத்தில் என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“என்ன தம்பி, வூட்டு ஞாபகமா?” என்றார் எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

“சம்பலுங்க.”

“அதுல ஒறப்பே இல்லையே. இது புள்ளைங்க திங்கிறது.”

அவர்தான் ரவூப் நானா. நானா என்றால் முஸ்லிம் ஆட்களுக்கு அங்கே அண்ணன் என்று அர்த்தம். சொந்த ஆட்டோ வைத்திருக்கிறார், அங்கே அதன் பெயர் த்ரீவீல். அடுத்த ஐந்து நாளும் அவர்தான் எனக்கு வண்டி, வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர், போதாக்குறைக்கு வாத்தியார்.

ரத்தோட்டை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மழை. நாலாவது வளைவில் வண்டி இருமிவிட்டு நின்றது.

“எறங்குங்க தம்பி. நீங்க இஞ்சினியர் தானே?”

“நான் கைப்பட்டை இஞ்சினியருங்க நானா.”

“கை ஈக்குதானே? தள்ளுங்க.”

ஈக்கு என்றால் அவர் பேச்சில் இருக்கு. தள்ளினேன். அவர் உள்ளே உட்கார்ந்து, நனையாமல், எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். ஒரு கடையின் தகரச் சாய்ப்புக்குக் கீழே வண்டியை ஏற்றிவிட்டு, பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்தார். சும்மா நின்ற நேரத்தில் என் பையிலிருந்த காகிதத்தை அவரிடம் நீட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலம் பேட்டரி மேல் இருக்கும் கூட்டல் குறியும் கழித்தல் குறியும்தான். நானா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார். படிக்கப் படிக்க முகம் மாறியது.

“தம்பி, நீங்க இன்னம் அந்த சாமானப் பாக்கல்லதானே?”

“இல்லைங்க. இப்பத்தானே போறோம்.”

“இதுல பாத்துட்டேன்னு எழுதி ஈக்கு. மூணு பட்டையையும் பிரிச்சி சோதிச்சேன், கட்டியிருந்த ஆள் வேணுமின்னே ஓரத்தக் கிழிச்சிருக்கா, எங்கட சாமான்ல ஒரு குத்தமும் இல்ல, இப்பிடிக்கு இஞ்சினியர் குமரேசன். தேதி போன கெழமை.”

போன வாரம் அந்தத் தேதியில் நான் கோயம்புத்தூரில் முடிவெட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்குப் பொய் ஒன்றும் புதிதில்லை. வாரத்துக்கு மூன்று சொல்லுவேன், பெரும்பாலும் லீவு கேட்டு. ஆனால் என் பேரில் இன்னொருத்தர் பொய் சொல்லி, அதை நானே மூன்று நாள் சுமந்துகொண்டு வந்திருக்கிறேன் என்றதும் காது சூடாகிவிட்டது.

தோட்டத்து ஆபீசில் மானேஜர் இருந்தார். அங்கே அவரைத் தொரை என்கிறார்கள். வெள்ளைக்காரன் போய் எத்தனை காலம் ஆயிற்று, நாற்காலி மட்டும் அவன் பெயரைக் கழற்றவில்லை. தொரைக்கு என் வயதுக்கு மேல் நாலைந்து இருக்கும். தொப்பி, நல்ல சிரிப்பு, கொஞ்சம் தமிழ். “நீங்க கையெழுத்துப் போடுங்க, டீ குடிங்க, போங்க,” என்றார். பட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றேன். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. பக்கத்திலிருந்த பெரிய கிளாக்கரிடம், அதாவது தலைமைக் குமாஸ்தாவிடம், சிங்களத்தில் ஏதோ சொன்னார். கிளாக்கர் தலையைக் குனிந்துகொண்டு ஒரு உறையை எடுத்து நீட்டினார். உள்ளே மூன்று பட்டைகள், மூன்றும் பூரி மாதிரி உப்பி இருந்தன.

வாசலில் நின்ற நானா, வண்டியில் ஏறியபிறகு அந்தச் சிங்களத்தைச் சொன்னார்: “இவன் கையெழுத்துப் போட வந்தவன்தானே, இவனுக்கு என்னத்துக்குப் பட்டை? அதத்தான் சொன்னாரு.”

புதன்கிழமை காலை ஆறரைக்கு மலையில் இருந்தேன். கொழுந்துக் காட்டை அங்கே மலை என்றுதான் சொல்கிறார்கள். நான் போனது ஆற்றோரம் இருக்கும் மலை. செல்வராணியும் அங்கேதான் வேலை செய்தவராம். இருபது பெண்கள், இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணி, முதுகில் கூடை, மணிக்கட்டில் எங்கள் பட்டை. எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. நான் ஒட்டிய சாமான் கடல் தாண்டி வேலை செய்கிறதே என்று.

“யாரு இது, புது கணக்கப்புள்ளையா?” என்றார் ஒருத்தர். கணக்கப்பிள்ளை என்றால் மலையில் வேலை வாங்குகிறவர்.

“இல்ல புஷ்பாக்கா, தொர வளையல் செய்யிறவராம். இந்தியாவுலருந்து.”

அவர்கள் எங்கள் பட்டைக்கு வைத்த பெயர் அது. தொரை வளையல்.

“அப்ப இந்தாங்க மாப்புள, நீங்களே போட்டுக்கங்க,” என்று புஷ்பாக்கா கையை நீட்ட, மலை முழுக்கச் சிரிப்பு. நானும் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கணுக்காலில் குளுகுளு என்று ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் அட்டை. ஒன்றல்ல, ஐந்து. நான் போட்ட சத்தத்தில் அடுத்த மலையில் இருந்தவர்களும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

புஷ்பாக்கா கூடையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். உள்ளே வெள்ளையாகக் களிம்பு. “துணி தோய்க்கிற சவுக்காரத்த ஊறவச்சி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கொழைச்சது. தேச்சா அட்ட கிட்ட வராது. நல்லா தேய்ங்க, வெக்கப்படாதீங்க.”

தேய்த்துக்கொண்டேன். அட்டைகள் சுருண்டு விழுந்தன. அப்புறம் அவர் தன் கையில் தேய்ப்பதைப் பார்த்தேன். முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் தேய்த்தார். பட்டையைத் தாண்டிப் போகவில்லை. பட்டை மேலும் தேய்த்தார், பட்டைக்கு அடியில் விரலை விட்டும் தேய்த்தார்.

“அக்கா, அது மேல எதுக்குத் தேய்க்கிறீங்க?”

“அதுக்குள்ளதான முதல்ல போகுது! ஒங்க வளையல் சூடா, இறுக்கமா இருக்கு. அட்டைக்கு அதவிட நல்ல காம்பரா கெடைக்குமா?”

காம்பரா என்றால் லயம் என்கிற வரிசை வீட்டில் அவர்கள் குடியிருக்கும் ஒற்றை அறை. இருபது பேர் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் கூழ் கொஞ்சம் புளிப்பானது. சவுக்காரமும் சுண்ணாம்பும் அதற்கு ஜென்மப் பகை. கூடவே உப்பு வேறு, தகட்டை அரிக்கிற சாமான். இது மூன்றும் ஓரம் வழியாக உள்ளே போனால் கூழ் கெட்டு, காற்று கிளம்பி, உறை உப்பும். பூரி மாதிரி.

ஓரம் வழியாக எப்படிப் போகும்? ஓரம் ஒட்டியிருக்கிறதே. ஒட்டியதும் நான்தானே. யோசிப்பதை நிறுத்திவிட்டு செல்வராணியைப் பார்க்கப் போனேன்.

லயத்தில் கடைசிக் காம்பரா. நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“நீங்கதானா என்னைய மாட்டிவிட வந்த இஞ்சினியரு?”

“மாட்டிவிட வரலீங்க. பாக்க வந்தேன்.”

“பாத்தாச்சில்ல? போய் கையெழுத்துப் போடுங்க. வெள்ளிக்கிழம பேரு வெட்டப்போறாங்க. பதினேழு வயசுல பேரு பதிஞ்சது. ஒரு நாள் ஒரு கொழுந்த வீணாக்குனேன்னு எவனாவது சொல்லட்டும்.”

“பாதிப் பேர் பட்டை செத்திருக்கு. உங்கள மட்டும் ஏன்?”

“அத கொண்டாந்த அன்னிக்கி தொர கூட்டம் போட்டாரு. ஒங்க ஒடம்புக்கு நல்லது, ஒங்க ஒடம்புக்கு நல்லதுன்னாரு. நான்தான் எந்திரிச்சி கேட்டேன். எங்க ஒடம்புதானே, அது என்னா எழுதுதுன்னு எங்களுக்கும் காட்டுங்கன்னு. அன்னிக்கே என் பேருல கோடு போட்டாச்சி.”

அவர் பாவாடையைக் கொஞ்சம் உயர்த்திக் காலைக் காட்டினார். கணுக்காலுக்கு மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்புத் தழும்பு. சீனி வியாதி. போன வருஷம் அட்டை கடித்த இடம் ஆறாமல் ஏழு மாதம் மாத்தளை ஆஸ்பத்திரிக்கு நடந்தாராம். இனி ஒரு கடிகூடப் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் ஒரு தடவை களிம்பு தேய்த்தால் இவர் மணிக்கு ஒரு தடவை தேய்த்திருக்கிறார். மூன்று பட்டைகள் இவர் கையில் செத்ததற்கு வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

எனக்கு ரொட்டியும், மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொடுத்தார். மாட்டிவிட வந்தவனுக்கும் சோறு போடுகிற ஊர். ரொட்டி தேங்காய்ப்பூவோடு மொறுமொறு என்று இருந்தது. அதைத் தின்றுகொண்டே முதலாளிக்குப் போன் போட்டேன். சோப்பு, உப்பு, சுண்ணாம்பு, அட்டை எல்லாம் சொன்னேன்.

“அட்டையா? டேய், உன்னை எதுக்கு அனுப்புனேன்? கையெழுத்துப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பு. சோப்புப் போட்டது யாரு? அந்தம்மாதானே? அப்ப தப்பு யாருது?”

“மழையில, சேத்துல போட்டு வேலை செய்யிறதுக்குத்தானுங்க அந்தப் பட்டை?”

“அங்க மழை பெய்யும்னு யாரு சொன்னா?”

தேயிலை எங்கே விளைகிறது என்று பத்தாவது பெயிலான எனக்குத் தெரியும். எம்.பி.ஏ. படித்த அவருக்குத் தெரியவில்லை.

வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று வியாழக்கிழமை என் கையிலேயே கட்டிக்கொண்டேன். கொண்டுவந்திருந்த புதுப் பட்டைகளில் இரண்டை என் இரண்டு கையிலும், இரண்டைப் புஷ்பாக்கா கையிலும். பல நாள் களிம்பை ஒரே காலையில் காட்ட வேண்டுமே, அதனால் கால் மணிக்கு ஒரு தடவை இடக்கையில் களிம்பு, வலக்கையில் வெறும் தண்ணீர். கை சும்மா இருந்தால் பேட்டரி மடங்காது, மடங்காவிட்டால் சோதனை செல்லாது. ஆகவே நானும் கொழுந்து பறித்தேன்.

இதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. இரண்டு இலை, ஒரு குருத்து. கேட்க எளிது. அவர்கள் இரண்டு கையாலும் தாளம் போடுவது போலப் பறித்துத் தோளுக்கு மேல் வீசுகிறார்கள், கூடைக்குள் விழுகிறது. நான் வீசியது பின்னால் வந்தவர் முகத்தில் விழுந்தது.

“ஐயோ, மரத்தையே புடுங்குறாரு பாருங்க!”

“மாப்புள, அது முத்தெல. மாடுகூடத் திங்காது.”

“விடு புள்ள, இந்தியாவுல அப்பிடித்தான் போல.”

பத்து மணிக்கு முன்பே என் இடக்கைப் பட்டை உப்பிக்கொண்டு செத்தது. கொஞ்ச நேரத்தில் புஷ்பாக்காவின் இடக்கையிலும். இரண்டு பேர் வலக்கையிலும் பட்டை சாயங்காலம் வரை உயிரோடு இருந்தது. நடுவில் கணக்கப்பிள்ளை வந்து, ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று கத்திவிட்டுப் போனார். அவருக்குக் கத்துவதுதான் வேலை என்று எனக்குச் சொன்னார்கள். நான் கொழுந்து பறித்ததைவிட அதை நன்றாகவே செய்தார்.

ராத்தங்கல் எனக்கு மாத்தளைக்குப் பக்கத்தில் அலுவிகாரை என்ற ஊரில் ஒரு அறை. பொழுது சாய்வதற்குள் அங்கே போய், ஜன்னல் வெளிச்சத்தில் செல்வராணியின் செத்த பட்டைகளில் ஒன்றை பிளேடால் பிரித்தேன். தகடு முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. ஓரத்து ஒட்டு ஒரு நூல் அகலம்தான். ஆரம்பத்தில் அது சுண்டுவிரல் நக அகலம் இருந்தது. ஒல்லியாக இருந்தால்தான் விற்கும், நகை மாதிரித் தெரிய வேண்டும் என்று முதலாளி குறைக்கச் சொன்னார். அன்றைக்கு எனக்குத் தெரியும், இது பிரியும் என்று. நான் என்ன செய்தேன்? “மூக்குத்தி அளவுக்கு வேணாலும் ஒட்டறேனுங்க” என்று கிண்டலடித்துச் சிரிக்கவைத்துவிட்டு ஒட்டினேன். நாற்பதையும் ஒட்டினேன். முதலாளியையும் தொரையையும் இரண்டு நாளாகத் திட்டிக்கொண்டிருந்த பட்டியலில், அந்த ஜன்னலோரத்தில் என் பேரையும் சேர்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை ஒன்பது மணிக்கு. நானா ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். ஏழே காலுக்கு கிளட்ச் கேபிள் அறுந்தது. பஸ்ஸைப் பிடித்தோம். பஸ் ஒரு புத்தர் சிலைக்கு எதிரில் நின்றது, கண்டக்டர் இறங்கி ஓடிப்போய் உண்டியலில் காசு போட்டுக் கும்பிட்டுவிட்டு வந்தார். எங்கள் ஊர் டவுன்பஸ் ஏறுகிறவனுக்கே நிற்காது. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதைப் பார்த்த ஒரு சிங்களக் கிழவர் ஏதோ சொன்னார். நானா தமிழாக்கினார்: “அவசரப்படுறவனுக்கும் சேத்துத்தான் அந்தக் காசு போட்டது, மகனேங்கிறாரு.” கொஞ்சம் சிரிப்பு வந்தது. அடுத்த வளைவில் மண் சரிந்து கிடந்ததைப் பார்த்ததும் அதுவும் போய்விட்டது. மிச்ச மூன்று மைல் நடை, பாதி ஓட்டம்.

ஒன்பதே காலுக்கு ஆபீசுக்குள் நுழைந்தேன். முழங்கால் வரை சேறு, கையில் நாலு பட்டைகள். மேசைக்கு அந்தப் பக்கம் தொரை, பெரிய கிளாக்கர். இந்தப் பக்கம் செல்வராணி நின்றுகொண்டிருந்தார். காலில் தழும்பு உள்ள மனுஷி நிற்க, மூலையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. ஒன்றை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டேன். அவர் உட்காரவில்லை. தொரையைப் பார்த்தபடியே நின்றார்.

“ரிப்போர்ட் எங்க?” என்றார் தொரை.

முதலாளியின் காகிதத்தை மேசையில் வைத்தேன். “இது நான் எழுதினது இல்லீங்க. நான் பாக்கிறதுக்கு முன்னாடியே எழுதினது. என் ரிப்போர்ட் இது,” என்று நாலு பட்டைகளையும் வரிசையாக வைத்தேன். உப்பினது இரண்டு, தட்டையானது இரண்டு. களிம்பு டப்பாவைத் திறந்து வைத்தேன். சொன்னேன். கிளாக்கர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். தொரை கேட்டது ஒரே கேள்வி.

“அப்ப சோப்பு போட்டது இவங்கதானே?”

“மலையில இருக்கிற இருபது பேரும் போடுறாங்க. போடாட்டி அட்டை கடிக்கும். ஒட்டு அகலமா இருந்திருந்தா சோப்பு உள்ள போயிருக்காது. ஒட்டினது நான். குத்தம்னா என் கைமேல எழுதுங்க.”

செல்வராணி முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நன்றியோடு பார்த்தார் என்று எழுத ஆசைதான். கன்னத்தில் ஒன்று விடலாமா என்பது போலத்தான் பார்த்தார். நியாயம்.

தொரையும் கிளாக்கரும் உள்ளே போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து கிளாக்கர் ஒரு தாளை எழுதி வாசித்தார்: “செல்வராணி என்பவர் அறியாமல் செய்த பிழை, நிர்வாகத்தால் இம்முறை மன்னிக்கப்படுகிறது. நாளை முதல் வேலைக்கு வரலாம்.” பேனாவை நீட்டினார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. வேலை கிடைத்துவிட்டதே. செல்வராணி பேனாவைத் தொடவில்லை.

“என்னாத்த மன்னிச்சாங்க?”

“அதான்மா, வேலைக்கு வரலாம்னு இருக்கே. போடு,” என்றார் கிளாக்கர்.

“பெரியய்யா, நான் என்னா பிழ செஞ்சேன்? இந்தத் தம்பி சொன்னது ஒங்களுக்கும் வெளங்கிச்சிதானே? பிழ அவரு செஞ்சது. அவரே ஒத்துக்கிட்டாரு. அப்ப என்னைய எதுக்கு மன்னிக்கிறீங்க? அவரையில்ல மன்னிக்கணும்?”

“வீம்பு பிடிக்காத செல்வராணி.”

“நாளைக்கி இன்னொன்னு ஒடைஞ்சா இந்தத் தாளத்தானே எடுத்து நீட்டுவீங்க? ஒருக்கா மன்னிச்சோம், திரும்பச் செஞ்சான்னு. ஏலாது. பிழ இல்லன்னு எழுதுங்க. இல்லாட்டி பேர வெட்டுங்க. நான் கீழ மாத்தளைக்கி நடந்தே போறேன்.”

கூரைத் தகரத்தில் மழை கொட்டியது. கிளாக்கர் தொரையைப் பார்த்தார். தொரை பட்டைகளைப் பார்த்தார். கடைசியில் கிளாக்கர் தானாகவே, யாரும் சொல்லாமல், அந்த வரியை அடித்தார். ‘இவர் மேல் பிழை எதுவும் இல்லை’ என்று எழுதினார். அடித்த இடத்தில் தன் சின்னக் கையெழுத்தையும் போட்டார். அந்த மனுஷன் நிமிர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். செல்வராணி தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிரதி ஒன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் முதலாளியிடமிருந்து போன். வேலை போயிற்று என்று நினைத்தேன். மனுஷன் குதிக்கிறார்.

“டேய் குமரேசா! அந்த மானேஜர் பேசினாரு. ஓரம் அகலமா, சோப்புக்கும் சாகாத மாதிரி செஞ்சு தர முடியுமான்னு கேக்குறாரு. தோட்டம் முழுக்க வேணுமாம்! நீ கில்லாடிடா!”

 உண்மையைச் சொன்னதற்கு இப்படி ஒரு பரிசு கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் பொய்யே சொல்லித் தொலைத்திருப்பேன். சாகாத பட்டை என்றால் சாகாத கண் என்று அர்த்தம். காலையிலிருந்து சாயங்காலம் வரை, கண் சிமிட்டாமல்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. மத்தியானம் லயத்துக்குப் போய் செல்வராணி அக்காவிடம் இதைச் சொல்லிவிட்டுப் போவதுதான் முறை என்று பட்டது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து கையில் ஒட்டிய களிம்பைக் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“அப்ப இனி அது சாகவே சாகாதா?”

“லேசுல சாகாதுக்கா.”

“சரி. நான் அன்னிக்கி கூட்டத்துல கேட்டதுக்கு நீங்களாவது பதில் சொல்லுங்க. அது என்னா எழுதுது?”

சோதனைக்கென்று என் போனில் எல்லாப் பட்டைகளின் கணக்கும் இருந்தது. திறவுச்சொல்லை முதலாளி மாற்றவே இல்லை. நாலு நாளாக நான் அதில் பேட்டரிக் கோட்டை மட்டும்தான் பார்த்தேன். எந்த நேரத்தில் செத்தது, அவ்வளவுதான். முதல் முறையாக மற்றக் கோடுகளை அவர் முன்னால் திறந்தேன்.

முதல் பட்டை, செத்த நாள். எட்டரைக்கு அவர் நாடித்துடிப்பு ஏற ஆரம்பிக்கிறது. ஒன்பதுக்குச் சிவப்பு. உடம்புச் சூடும் சிவப்பு.

“இது என்னா செவப்பு?”

“மயக்கம் வர்ற நிலைமைக்கா. உடனே நிழல்ல உட்கார வச்சுத் தண்ணி குடுக்கணும்.”

“ஆமா. அன்னிக்கி கண்ணு இருட்டிச்சி. எங்கள மேட்டு மலைக்கி மாத்தியிருந்தாங்க, அங்க தண்ணி தூக்க ஆள் வரல. ஒக்காந்தேன், கணக்கப்புள்ள கத்துனாரு, எந்திரிச்சிட்டேன்.” கோட்டில் அதுவும் தெரிந்தது. கொஞ்சம் இறங்கி, சட்டென்று முன்னைவிட உயரத்துக்கு ஏறியது.

இரண்டாவது பட்டையிலும் சிவப்பு. மூன்றாவதிலும். ஒவ்வொரு சிவப்புக்குக் கீழேயும் தமிழில் ஒரு வரி இருந்தது. அதை நான் விரலால் மறைக்கப் பார்த்தேன், அவர் என் விரலை நகர்த்தினார். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“எச்சரிக்கை அனுப்பப்பட்டது. பார்க்கப்பட்டது.” நிமிர்ந்தார். “யாரு பாத்தது?”

“ஆபீசுலக்கா.”

“மூணு தரமும்?”

“மூணு தரமும்.”

“பாத்துட்டு என்னா செஞ்சாங்க?”

அவருக்கே பதில் தெரியும். வேலையை நிறுத்திய கடிதம் மூன்றாவது சிவப்புக்கு மறுநாள் வந்தது. அந்தக் கடிதத்தை மடியிலிருந்து எடுத்து விரித்தார், தேதி இரண்டும் எங்கள் கண் முன்னால் இருந்தன. கீழே ரோட்டில் நானா ஹாரன் அடித்தார். பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் அப்போதே எழுந்திருக்க வேண்டும்.

செல்வராணி அக்கா எழுந்து கையைப் படங்கில் துடைத்தார். லயத்தின் நீளத்துக்கும் கேட்கும்படி கூப்பிட்டார்.

“ஏ புஷ்பா! ஒன் வளையல எடுத்துக்கிட்டு வா. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா. ஒரு நோட்டும் பேனாவும் கொண்டா.”

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. புஷ்பாக்கா முதலில் வந்து மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நானாவின் ஹாரன் இன்னும் இரண்டு தடவை கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவரும் மேலே ஏறி வந்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, நோட்டை வாங்கி, சிவப்பு விழுந்த தேதிகளை எழுத ஆரம்பித்தார்.